உடம்பைக் கவனித்தால் மனசு அடங்குமா, பயம்தான் கூடுமா?

காட்பாடி ஜங்ஷன்:
மூன்று மாதமாக ராத்திரி படுத்ததும் கால் கட்டைவிரலில் தொடங்கி உச்சந்தலை வரைக்கும் ஒவ்வோர் இடமாக மனசை நிறுத்திப் பார்க்கிறேன். சூடா, மரத்திருக்கா, இறுகியிருக்கா, அவ்வளவுதான் பார்ப்பது, எதையும் சரிசெய்யப் போவதில்லை. பலன் என்னவென்றால், கோபம் வருவது முன்கூட்டியே தெரிகிறது. போன வாரம் கிரீன் சர்க்கிளில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே ஒடித்துத் திருப்பியது, திட்ட வாயைத் திறக்கும் முன்பே தாடை பூட்டுப் போட்ட மாதிரி இறுகியது தெரிந்தது, அதைக் கவனித்த நேரத்தில் ஆட்டோ போயே போச்சு. கவுன்சலிங், மாத்திரை எல்லாம் அப்புறம், எல்லாரும் முதலில் இதைச் செய்யுங்கள் என்பேன்.

பாலாற்று மணல்:
அந்தக் கடைசி வரிதான் வம்பு, தலைவரே. இரண்டு வருஷத்துக்கு முன் கத்திரி வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, கை விறைத்து, செத்தேன் என்றே நினைத்தேன். ஈசிஜி, ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு இதயத்தில் ஒன்றும் இல்லை, பதற்றம்தான் என்றார்கள். அப்போது உங்களைப் போல ஒருவர்தான் உள்ளே கவனி என்றார். கவனித்தேன். சாப்பிட உட்கார்ந்தால்கூட இடது கை கழுத்தில், நாடி பார்க்க. ஒரு துடிப்பு பிசகினால் வேர்க்கும், வேர்த்தால் துடிப்பு கூடும், கூடினால் மாரடைப்போ என்று பயம். டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-லேயே இந்தச் சுழலை எழுதிவிட்டார்: சாதாரண உடல் உணர்வை ஆபத்து என்று தப்பாக எடுத்துக்கொள்வதுதான் பீதியை ஊதிப் பெருக்குகிறது. உடம்பையே மறந்து திரிகிறவனுக்கு உங்கள் வைத்தியம் சரி, எந்நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய்.

காட்பாடி ஜங்ஷன்:
நீங்கள் செய்தது காவல் காப்பது. திருடன் வருவான் என்று முழித்துக் கிடப்பதும் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதும் ஒன்றா? ஜான் கபட்-ஜின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதைப் பல வாரப் பயிற்சியாக ஆரம்பித்தபோது வந்தவர்களில் பலர் தீராத வலிக்காரர்கள். தினமும் முக்கால் மணி நேரம். வலியையும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் 'ஐயோ இனி என்ன ஆகுமோ'வையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் பயிற்சி.

பேரணாம்பட்டு மருமகள்:
அண்ணன்கள் இரண்டு பேருக்கும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, சந்தோஷம். நான் பீடி சுற்றுகிறவள், எங்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. தோளைக் கவனித்தால் விரல் நிற்கும், விரல் நின்றால் காசு நிற்கும். வலிக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள். என் தங்கச்சி ஆம்பூர் பக்கம் ஷூ தைக்கிறாள், பாத்ரூம் போகணும் என்று உடம்பு சொல்வதையே டார்கெட் முடியும் வரை காதில் வாங்காமல் இருக்கப் பழகிவிட்டாள்.

பாலாற்று மணல்:
அக்கா கேட்டது கேள்வி. உடம்பைக் கேள் என்பார்கள், அது கேட்கிற ஓய்வை யார் தருவார்கள்? என் கதைக்கு வருகிறேன். என்னைத் தேற்றிய ஆலோசகர் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடு, நின்ற இடத்திலேயே ஓடு, நாற்காலியில் சுற்று. நெஞ்சு அடிக்கும், தலை கிறுகிறுக்கும், அப்புறம் தானாக இறங்கும். அதையே திரும்பத் திரும்பச் செய்ததில் ஒருகட்டத்தில் பயத்துக்கே சலித்துவிட்டது.

காட்பாடி ஜங்ஷன்:
மாட்டினீங்களா! அதுவும் உடம்பு வழியாகத்தானே, மணல்?

பாலாற்று மணல்:
இல்லை என்று எங்கே சொன்னேன்? ஆனால் விஷயம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார், அதற்கு முன்பே இதயத்தைச் சோதித்து முடித்திருந்தார்கள். நிஜமாகவே நெஞ்சுவலி வந்தவன் உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் படுத்துக் கட்டைவிரலைக் கவனித்துக்கொண்டிருந்தால்?

காட்பாடி ஜங்ஷன்:
சரி, 'மாத்திரை அப்புறம்' வாபஸ். 'எல்லாரும்' கூட வாபஸ். மற்றதை விடமாட்டேன். மருமகள் அக்கா, முக்கால் மணி வேண்டாம், வேலையை நிறுத்தவும் வேண்டாம், ஒரு கட்டு முடிகிற வரைக்கும் தோள் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்களேன்.

பேரணாம்பட்டு மருமகள் (மறுநாள்):
பார்த்தேன். இடது தோள் காது வரைக்கும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றும் பார்த்தேன், நூல் சுற்றும்போது ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், முடிச்சு விழுந்த பிறகுதான் விடுகிறேன். இத்தனை வருஷம் தெரியாது. எதிரே முறத்தோடு உட்கார்ந்திருந்த மாமியாரும் அப்படித்தான். அவரிடம் சொன்னதற்குச் சிரித்துவிட்டு, "மூச்சு வுட்டா தூளு பறந்துடும்மே" என்றார். இதுக்கு என்ன சொல்றீங்க, ஜங்ஷன் அண்ணா?