லேத் முன்னால் பையன்கள், ரெக்கார்டு நோட்டோடு பெண்கள்: எப்படி மாற்றுவது?

டர்னர் பயிற்றுநர்:
தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பிரிவு எடுக்கிறேன். ஒரு லேத்துக்கு, அதாவது இரும்பைச் சுழலவிட்டுச் சீவும் கடைசல் மெஷினுக்கு, நாலு பேர். மெஷின் ஓடத் தொடங்கியதும் பையன்கள் கை கைப்பிடிக்குப் போய்விடுகிறது. பெண் பிள்ளை வெர்னியரில் அளவெடுத்துச் சொல்கிறாள், ரெக்கார்டு எழுதுகிறாள், கடைசியில் ட்ரேயில் கிடக்கும் இரும்புச் சுருளையும் அள்ளுகிறாள். கேட்டால், "அவ கையெழுத்து நல்லா இருக்கும் சார்" என்கிறார்கள். பிராக்டிகல் தேர்வில் மெஷின் முன்னால் தனியாக நிற்கும்போது அவளுக்குக் கை பழகியிருக்காது. உடனே, பெண்களுக்கு மெஷின் வேலை வராது என்று பேச்சு. பழகும் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு திறமை இல்லை என்பது என்ன நியாயம்? இதை எப்படி உடைப்பது?

ஃபிட்டர் அக்கா:
குழுவுக்கு ஒரு ஜாப் (செய்து முடிக்க வேண்டிய பயிற்சி வேலை) கொடுக்காதீர்கள் சார், ஆளுக்கொரு ஜாப் கொடுங்கள். என் பேட்சில் பெண் நான் ஒருத்திதான். லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழலும் பகுதிதான் சக்; அதன் சாவியை இறுக்கத் திணறினால் பக்கத்தில் நிற்பவன் வாங்கி இறுக்கிவிடுவான். நல்ல மனசுதான், ஆனால் வேலையை அவன்தான் கற்றுக்கொள்வான். எங்கே கால் ஊன்றுவது, உடம்பு எடையை எப்படிக் கொடுப்பது என்று ஒரு பயிற்றுநர் காட்டிக் கொடுத்த பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், பட்டறையில் நாங்கள் போடும் மேல்கோட்டைப் பாருங்கள். ஆண்கள் அளவில் தைத்தது எங்களுக்குத் தொளதொளவென்று இருக்கும். சுழலும் சக்கில் அந்தக் கோட்டின் கைப்பகுதி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். பயந்து தள்ளி நிற்கிற பிள்ளையைக் கோழை என்பார்கள்.

வழிகாட்டி:
இது சேர்க்கை மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. வெல்டிங் கேட்டு வரும் பெண்ணிடம், "தையல் எடும்மா, வீட்டிலிருந்தே செய்யலாம்" என்கிறார்கள். தொழிற்பயிற்சியில் சேர்வதிலும் பாகுபாடு கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆவது உடன்படிக்கை 1958-லேயே சொல்லிவிட்டது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க 1979-இல் வந்த ஐ.நா. உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவு, தொழில் வழிகாட்டலிலும் சம நிலை கேட்கிறது. அந்த மேசையில் உட்காருபவருக்கு முதலில் பயிற்சி கொடுக்க வேண்டும்.

டர்னர் பயிற்றுநர்:
நன்றி அக்கா. ஆளுக்கொரு ஜாப், சரி. யார் எவ்வளவு நேரம் மெஷின் ஓட்டினார்கள் என்று அவரவரே கையெழுத்துப் போட ஓர் அட்டவணையும் ஒட்டுகிறேன். சுருள் அள்ளுவது யார் முறை என்பதும் அதிலேயே வரும். சிறிய அளவுக் கோட்டு கேட்டு ஸ்டோருக்கு இன்றே எழுதுகிறேன்.