எர்ரரே வராத தவறுகள்: இஃப், லூப் படிக்கிறவர்களோடு பட்ட அனுபவம்

புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கும் சிலர் ஆளுக்கொன்றாகச் சொன்ன அனுபவங்கள் இவை; * வரும் இடத்தில் அடுத்தவர் பேசுகிறார்.

புதிதாகப் பைத்தான் என்ற புரோகிராம் மொழியைப் படிக்கிறவர்களுக்கு அவ்வப்போது உதவுகிறேன். கோலன் விட்டுப்போவது, இண்டெண்டேஷன் (வரித் தொடக்க இடைவெளி) பிசகுவது எல்லாம் கொஞ்ச நாள் தொல்லைதான். எந்த வரியில் கோளாறு என்று பைத்தானே காட்டிவிடும். நிபந்தனை வைக்கும் இஃப்பில், 'சமமா' என்று கேட்கும் == போட வேண்டிய இடத்தில், மதிப்பைக் கொடுக்கும் ஒற்றை = போட்டால், 3.10 பதிப்பிலிருந்து '== போட நினைத்தீர்களா' என்றுகூடக் கேட்கிறது. ஆளைச் சுற்றவிடுவது, எர்ரரே வராமல் ஓடிவிடுகிற புரோகிராம்.

ஒரு மாணவி கிரேடு போட எழுதியிருந்தார். மார்க் >= 40 என்றால் சி, எலிஃப் (அது இல்லாமல் இது என்றால்) >= 60 என்றால் பி, எலிஃப் >= 80 என்றால் ஏ. "92 எடுத்தாலும் சிதான் வருது சார்" என்றார். நான் விடை சொல்லவில்லை. 92ஐ மனதில் வைத்து வரிவரியாக விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். முதல் வரியிலேயே சிரித்துவிட்டார். ஒரு நிபந்தனை சரியாகிவிட்டால், கீழே உள்ள எலிஃப் பக்கம் பைத்தான் திரும்பியே பார்க்காது.

அப்புறம் அவர் செய்ததுதான் வேடிக்கை. எலிஃப் எல்லாவற்றையும் தனித்தனி இஃப் ஆக்கினார். 92க்கு ஏ வந்துவிட்டது! மூன்று இஃப்பும் ஓடி, கடைசியாக வந்த ஏ முந்தியதை அழித்ததால் வந்த சரி அது. நிபந்தனைகளை 80, 60, 40 என்று மாற்றி அடுக்கச் சொன்னேன். மறுபடியும் சி. எலிஃப் எதற்கு என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

என் பங்குக்கு ஒன்று. பதில் == "ஆம்" ஆர் (அல்லது) "சரி" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். "இல்லை" என்று டைப் செய்தாலும் உள்ளே போகிறது. ஆருக்கு வலப்பக்கம் இருக்கும் "சரி" யாரோடும் ஒப்பிடப்படவில்லை, வெறும் ஸ்டிரிங்காக (எழுத்துத் தொடராக) நிற்கிறது. காலியாக இல்லாத ஸ்டிரிங் எதுவும் பைத்தானுக்கு உண்மைதான். பேசுகிற மாதிரியே எழுதினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். பதில் == என்பதை இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

*

இதைவிட மோசமானது, சோதித்துப் பார்த்தும் சிக்காத தவறு. லிஸ்ட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் லூப்பை ஓட்டிக்கொண்டே இரட்டை எண்களை ரிமூவ் செய்யும் (நீக்கும்) புரோகிராம் ஒன்றை ஜூனியர் ஒருவர் காட்டினார். 1, 2, 3, 4, 5, 6 கொடுத்துப் பார்த்தாராம். 1, 3, 5 மிஞ்சியதாம். கச்சிதம். நான் 2, 4, 6, 7 கொடுத்தேன். 4 தப்பித்து நின்றது.

2ஐ நீக்கியதும் 4 ஓர் இடம் முன்னே நகர்ந்து, காலியான இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. லூப்போ அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. அங்கே இருப்பது 6. ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வரும் லிஸ்ட்டில் இப்படித் தாண்டப்படுவது ஒற்றை எண்தான் என்பதால் குட்டு வெளிப்படவில்லை. வேண்டியதை மட்டும் புது லிஸ்ட்டில் அப்பெண்ட் செய்யச் (சேர்க்கச்) சொன்னேன். ரிமூவ் தேவையே இல்லை.

*

நிபந்தனை பொருந்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் வைல் லூப்பை யாரும் தொடவில்லையே! எக்ஸ் 0வில் தொடங்கி, 1 ஆகாதவரை (!= 1, அதாவது 1க்குச் சமமில்லாதவரை) ஒவ்வொரு சுற்றிலும் 0.1 கூட்டு என்று ஒருவர் எழுதினார். நிற்கவே இல்லை, கன்ட்ரோல் சி அழுத்தித்தான் நிறுத்தினோம். உள்ளே ஒரு பிரிண்ட் போட்டதும் விஷயம் தெரிந்தது. 0.9999999999999999 வருகிறது, அடுத்தது 1.0999999999999999. சரியாக 1 வரவே இல்லை. 0.1ஐ பைனரியில் (கணினி பயன்படுத்தும் 0, 1 எண்முறையில்) துல்லியமாக எழுத முடியாது.

உடனே != ஐ < ஆக்கினார். இப்போது நிற்கிறது, ஆனால் 10 சுற்றுக்குப் பதில் 11 சுற்று. இந்த மாதிரி இடத்தில் வைலே வேண்டாம் என்பது என் கட்சி. ஃபார் ஐ இன் ரேஞ்ச்(10) என்று முழு எண்ணில் எண்ணிவிட்டு, தேவையான இடத்தில் ஐயை 10ஆல் வகுத்துக்கொள்ளலாம்.