காட்பாடியில் புது வீட்டைச் சுற்றி எங்கே கல் பாவலாம், எங்கே மண்ணாக விடலாம்?

கேள்வி: காட்பாடிவாசி

அனைவருக்கும் வணக்கம். காட்பாடிக்கு அருகே 40க்கு 60 அடி மனையில் எங்கள் வீடு கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. கிழக்குப் பார்த்த வாசல், தரைத்தளம் மட்டும். முன்புறம் 15 அடி, தெற்கே 7 அடி, வடக்கிலும் பின்புறத்திலும் 3 அடி என மொத்தம் 1,140 சதுர அடி காலியாக இருக்கிறது. வடகிழக்கு மூலையில் ஆழ்துளைக் கிணறும் வடமேற்கில் செப்டிக் டேங்கும் அமைந்துள்ளன.

புழுதியும் களையும் பாம்பும் வராமல் இருக்க, காலியிடம் முழுவதும் காங்கிரீட் போட்டு மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. ஆனால் சித்திரை வெயிலில் அந்தத் தரை எப்படிக் கொதிக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமனார் கைத்தடி ஊன்றி நடப்பவர். மாலையில் வெளியே உட்கார அவருக்கு ஓர் இடம் வேண்டும். மாமியாருக்குக் கோலமிட வாசல் வேண்டும். கார் ஒன்று நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யக் கையில் பணம் இல்லாததால், எதை முதலில் செய்வது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பொறியாளர், சத்துவாச்சாரி

வணக்கம் அம்மா. எந்தக் கல் என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். மழைத் தண்ணீர் எங்கே விழுந்து எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மனை 223 சதுர மீட்டர். ஒரு மாலை இடிமழை 50 மில்லிமீட்டர் கொட்டினால் மாடியும் தரையுமாகச் சேர்ந்து 11,000 லிட்டருக்கு மேல் வரும். கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர். மேஸ்திரி சொல்வதுபோல் முழுவதும் மூடிவிட்டால் அவ்வளவும் தெருவுக்குத்தான் போகும். தெரு உங்கள் வாசலைவிட உயர்ந்திருந்தால் அங்கும் போகாமல் படியருகே தேங்கும்.

தெரு மட்டத்தைக் குறிப்பாகப் பாருங்கள். பழைய சாலையின் மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடுகள் பள்ளமாகிப்போன குடியிருப்புகள் வேலூரில் பல உண்டு. ஆகவே கேட்டின் அருகே உங்கள் தளம் இன்றைய சாலையைவிட அரையடியாவது உயர்ந்திருக்கட்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் (சரிவு) போதும். முன்புறம் 15 அடிக்கு மூன்று அங்குலம் வருகிறது. கைத்தடி ஊன்றி நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்துச் சுவரில் நீலப்பொடி நூலடித்துக் குறித்த பிறகே வேலை தொடங்க வேண்டும். "கண்ணளவிலேயே வாட்டம் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வாட்டம் வடகிழக்கை நோக்கி இருக்கட்டும். அந்த மூலை தாழ்ந்திருக்க வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. உங்கள் மனையில் கிணறும் அங்கேயே இருப்பதால் கணக்கும் அதற்கு ஒத்துவருகிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது என்றாலும், பல வீடுகளில் அது அனுமதிக்காகத் தோண்டிய ஒற்றைக் குழியோடு நின்றுபோகிறது. நம் பக்கம் சில அடி தோண்டியதுமே பாறையோ கெட்டிச் சுக்கானோ (சுண்ணாம்பு கலந்து இறுகிய மண்) தட்டும் இடங்களில் ஆழமான உறைக்குழி (சிமெண்ட் வளையம் இறக்கிய குழி) தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். அதைவிட, முன் மதில் ஓரமாக ஒன்றரை அடி அகலத்திலும் மூன்றடி ஆழத்திலும் நீளமான வாய்க்கால் வெட்டி, அடியில் பெருஞ்சல்லி, அதற்கு மேல் சிறுசல்லி, மேலாக ஆற்றுமணல் என நிரப்புவது நல்ல பலன் தரும். மாடிக் குழாயையும் அதில் சேருங்கள். நிரம்பினால் வழிந்து தெருக் கால்வாய்க்குப் போக ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். செப்டிக் டேங்க் பின்புற மூலையில் தள்ளி இருப்பது நல்லதாயிற்று.

மறுமொழி 2: தளவேலை ஒப்பந்தக்காரர், ஆற்காடு

ஐயா சொன்ன வாட்டக் கணக்கு சரி. நான் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கார் நிற்கும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் கனமுள்ள பேவர் பிளாக் (சிமெண்டில் வார்த்த தளக்கல்) போடுங்கள். நடைபாதைக்கு 60 மில்லிமீட்டர் போதும். பிளாக்கைவிட அதன் அடித்தளம்தான் முக்கியம். மண்ணைத் தோண்டிக் கிராவலை அரையடி கனத்துக்குத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கி, மேலே ஒன்றரை அங்குலத்துக்கு மிகாமல் கிரஷர் மணல் (கல் உடைத்த தூள்) பரப்பி, நான்கு பக்கமும் ஓரக்கல்லைக் காங்கிரீட்டில் பதித்த பிறகு பிளாக் அடுக்க வேண்டும். ஓரக்கல் இல்லாத பேவர் தளம் கார் திரும்பும் இடத்தில் மெல்ல மெல்ல விலகி, இரண்டாம் ஆண்டே சந்துகள் வாயைப் பிளந்துவிடும். சிலர் உறுதிக்கென்று அடியில் காங்கிரீட் தளம் போட்டு அதன் மேல் பிளாக்கைச் சிமெண்டில் ஒட்டுகிறார்கள். தண்ணீர் இறங்கத்தான் பேவர் போடுகிறோம்; இப்படிச் செய்தால் டைல்ஸ் ஒட்டியதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

மாமனார் நடக்கும் வழிக்கு ஃபிளேம் செய்த கிரானைட்டைப் பரிந்துரைக்கிறேன். தீயால் சுட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கல் அது; மழையிலும் கால் வழுக்காது. வெளிர்சாம்பல் நிறத்தில் வாங்குங்கள். பாலிஷ் செய்த கல், பளபளப்பு டைல்ஸ் இரண்டும் வேண்டவே வேண்டாம். கல்லுக்குக் கல் அரை அங்குல உயர வேறுபாடு இருந்தாலும் கைத்தடி தட்டும்; ஆகவே இடையிடையே புல் விட்டுப் பதிக்கும் பாணி படத்தில் அழகாக இருந்தாலும் பெரியவர்கள் நடக்கும் பாதைக்கு ஆகாது.

கோலத்துக்குக் கேட்டின் உட்பக்கம் ஐந்தடிக்கு ஐந்தடி தனியாக விடுங்கள். பேவரின் சந்துகளில் கோலமாவு இறங்கி இழை அறுந்துவிடும். அந்த இடத்துக்கு மட்டும் மெருகேற்றாத கடப்பாக் கல்லை நெருக்கமாகப் பதித்தால், காலையில் தண்ணீர் தெளித்ததும் கருமை கூடி வெள்ளைக் கோலம் எடுப்பாகத் தெரியும். கறுப்புக் கல் பகலில் சுடும். ஆனால் கோலம் போடுவது விடியலில்தானே. வேறு எங்கும் கடப்பா போடாதீர்கள்.

காட்பாடிவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. உட்காரும் இடத்தையும் மரங்களையும் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது. பாத்திரத்தில் வெள்ளை படிகிறது.

மறுமொழி 3: தோட்டக்கலை படித்தவள், ஆம்பூர்

அக்கா, மாமனாருக்கான திண்ணையைக் கிழக்கே, வீட்டுச் சுவரை ஒட்டியே கட்டிவிடுங்கள். வாசல் கிழக்குப் பார்த்ததால், பிற்பகல் வெயிலை வீடே மறைத்துவிடும். கோடையில் மாலை நான்கு, நான்கரைக்கெல்லாம் முன்புறத்தின் பெரும்பகுதி நிழலாகிவிடும். பெர்கோலா என்னும் நிழற்பந்தலுக்குச் செலவழிக்கவே தேவையில்லை. திண்ணை ஒன்றரை அடி உயரமும் சாய்ந்துகொள்ள முதுகும் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஓரத்தில் ஒரு கம்பியும் இருந்தால் போதும்.

உங்களை வாட்டப்போவது மேற்குச் சுவர். அங்கே மூன்றடிதான் இருப்பதால் மரம் வைக்க வழியில்லை. கம்பி கட்டிச் சங்குப்பூவோ கோவையோ ஏற்றிவிடுங்கள். அந்த மூன்றடியை எக்காரணம் கொண்டும் காங்கிரீட்டால் மூடாதீர்கள். மாலைவரை காய்ந்த தரையும் சுவரும் சேர்ந்து இரவில் உள்ளறைக்குள் அனலடிக்கும்.

உப்புத் தண்ணீர் எங்கள் பக்கத்தின் பழைய வேதனை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் கழிவுநீரால் பாலாற்றுப் படுகை கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பளித்தது. காட்பாடியில் உப்புக்குக் காரணம் வேறாக இருக்கலாம். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். எப்படியிருந்தாலும் புங்கன், வேம்பு, காகிதப்பூ ஆகியவை ஓரளவு உப்பைத் தாங்கும். உங்கள் 15 அடி முன்புறத்துக்கு வேம்பு பெரிது. தென்கிழக்கு மூலையில் ஒரே ஒரு புங்கன் போதும். அதைச் சுற்றி நான்கடிக்கு நான்கடி மண்ணைத் திறந்தே விட்டு, ஓரக்கல்லுக்குப் பதிலாகச் சல்லி பரப்புங்கள். அடிமரம் வரை கல்லை நெருக்கிப் பதித்தால் சில ஆண்டுகளில் வேர் கல்லைத் தூக்கும். அரளியும் உப்பைத் தாங்கும்தான். ஆனால் நச்சு என்பதால் குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் வேண்டாம். தெற்கு 7 அடியில் நடைபாதை போக மீதியைக் காய்கறிக்கு ஒதுக்கிச் சேமித்த மழைநீரைப் பாய்ச்சினால், நம் இலவம்பாடி முள் கத்தரியையே விளைவிக்கலாம்.

பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுமான மிச்சமாகக் குவித்து வைத்த செங்கல்லும் மரச்சட்டமும்தான் எலிக்கும் பாம்புக்கும் ஒதுங்கிடம். அதை அகற்றினாலே பாதிப் பயம் தீரும்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற பொறியாளர், சத்துவாச்சாரி

பணத்தைப் பிரித்துச் செலவிடும் வரிசையைக் கேட்டிருந்தீர்கள் அம்மா. குழாய்கள், மழைநீர் வாய்க்கால், வெளிவிளக்குக்கான பைப் ஆகிய மண்ணுக்கடியில் போகிறவை எல்லாம் இப்போதே முடியட்டும். அதோடு திண்ணையையும் கோல வாசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடித்தளத்தைச் சுற்றி நிரப்பிய மண் ஒரு மழைக்காலமாவது நனைந்து அமர வேண்டும் என்பதால், கார் தளத்தையும் நடைபாதையையும் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து தை மாதத்தில் பாவுங்கள். அதுவரை காருக்குச் சல்லி பரப்பினால் போதும். செப்டிக் டேங்க் மூடியின் மேல் கல்லை ஒட்டிவிடாமல், தனியே தூக்கக்கூடிய இரும்புச் சட்டத்தில் பதிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மேஸ்திரியை அருகில் வைத்துக்கொண்டே குழாயைத் திறந்து தளமெங்கும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சிறிது நேரத்துக்குப் பிறகும் எங்கேனும் குட்டையாக நின்றால், அந்தக் கல்லைப் பெயர்த்துச் சரிசெய்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.