அம்பியும் இல்லை, கங்காவும் இல்லை

ஆளுமைக் கோளாறுகளைத் திரைப்படங்கள் காட்டும் விதம் பற்றி வாசகர்கள் மூவர் எழுதியவை.

திருச்சி வாசகி:

என் தங்கைக்கு எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று மருத்துவர் சொன்ன வாரத்திலேயே சித்தி தொலைபேசியில் கேட்டார்: "அந்நியன் மாதிரியா? ராத்திரியில் வேறு ஆளாக மாறிவிடுவாளா?"

சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் 2005இல் சுமார் இரண்டு மாத இடைவெளியில் வெளிவந்தவை. உடம்புக்குள் இன்னோர் ஆள் குடியிருப்பதுதான் ஆளுமைக் கோளாறு என்று எங்கள் தெருவே முடிவுகட்டியிருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலோ அந்த நிலைக்குத் தனிப் பிரிவு. ஆளுமைக் கோளாறுகள் என்று அது பட்டியலிடும் பத்தில் அம்பிக்கும் இடமில்லை, கங்காவுக்கும் இடமில்லை.

தங்கையிடம் நாங்கள் கண்டது வேறு. கைபேசியை எடுக்கத் தாமதமானால் நான் அவளைக் கைவிட்டுவிட்டேன் என்றே நம்புவாள். காலையில் "நீதான் எனக்கு அம்மா" என்பாள். மாலையில் என் முகத்தில் விழிக்க மாட்டாள். இரண்டும் அவளேதான், இரண்டும் நடிப்பில்லை. ஆத்திரம் தணிந்தபின் காயம் அவள் கையில்தான் இருக்கும். எங்கள் யார்மேலும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. (இதைப் படமாக்கினால் சண்டைக்காட்சி இயக்குநருக்கு வேலையிருக்காது.)

சென்னை வாசகி:

எனக்கும் அதே நோய்தான். 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' படத்தை விடுதித் தோழிகளோடு பார்த்தேன். 1987இல் வந்தது. க்ளென் க்ளோஸ் நடித்த அலெக்ஸுக்குப் படத்தில் யாரும் நோயின் பெயர் சூட்டவில்லை. பார்த்தவர்கள் சூட்டினார்கள், பெரும்பாலும் என் நோயின் பெயரை. முதலில் எடுத்த இறுதிக்காட்சியில் அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். வெளியீட்டுக்கு முன் பார்த்த ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதால், கத்தியோடு வீடு புகுந்து, அவள் உறவு வைத்திருந்தவனின் மனைவியின் துப்பாக்கிக்கு இரையாகும்படி மாற்றி எடுத்தார்கள். க்ளோஸ் எதிர்த்து வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. அந்தக் குண்டு பாய்ந்தபோது எங்கள் அறையில் கைதட்டல். நான் தட்டவில்லை.

இந்த நோய்க்கான சிகிச்சை முறை ஒன்றை உருவாக்கிய மார்ஷா லைனஹான், இளவயதில் தானே இப்படித் தவித்து மருத்துவமனையில் இருந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அதை யாராவது படமாக எடுக்கலாமே!

நாகர்கோவில் வாசகர்:

மலையாளத்தில் 'கும்பளங்கி நைட்ஸ்' (2019) பாருங்கள். ஃபகத் ஃபாசிலின் ஷம்மிக்கும் நோயின் பெயர் கிடையாது. கண்ணாடிமுன் நின்று தன் மீசையை ரசிப்பான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பொட்டைச் சவரக்கத்தியால் சுரண்டி எடுப்பான். அவ்வளவுதான், எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் அத்தானும் அப்படித்தான். சத்தம் போட மாட்டார், கை ஓங்க மாட்டார். சிரித்த முகத்தோடு அவர் சொல்லி முடித்தால், அக்காவின் தோழிகளில் ஒருத்தி குறைந்திருப்பாள். எந்த மருத்துவரும் அவரைப் பார்த்ததில்லை, அதனால் நானும் பெயர் வைக்கப் போவதில்லை.

ஆனால் கடைசிக் கட்டத்தில் இயக்குநர் கைவிட்டுவிட்டார் என்பேன். ஷம்மி மூலையில் சுவரைப் பார்த்து நிற்கிறான், பிறகு வெறிபிடித்துத் தாக்குகிறான், மீன்வலை போட்டுப் பிடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் படம் ஓடியபோது, அதுவரை வாய் திறக்காத அத்தான் அந்த இடத்தில்தான் சிரித்தார்: "சரியான கிறுக்கன்!" அந்த மூலைக் காட்சியை வெட்டியிருந்தால் அவருக்கு அந்தச் சிரிப்பு வந்திருக்காது.