வேலியில்லாத வயல்கள்: லாக்ஸ்டன் கிராமத்தில் கண்டவை

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் நியூவார்க் நகரத்திற்கு அருகே வேலை நிமித்தமாக மூன்று ஆண்டுகள் குடியிருந்தேன். அடுத்த வீட்டு முதியவர் உழவுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவர் என்னிடம், "நீங்கள் இங்கே பார்க்கும் வேலியடைத்த வயல்கள் எல்லாம் பிற்காலத்தவை. அதற்கு முன் இந்த நாடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் லாக்ஸ்டனுக்குப் போய் வாருங்கள்" என்றார். நான் அங்கே முதன்முறை சென்றது ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை. பிறகு எத்தனை முறை சென்றேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலச் சிற்றூர்களில் பெற்ற அனுபவங்களை இந்தக் குழுமத்தில் உறுப்பினர் பலரும் எழுதிவருவதால், நானும் அவ்வூரில் கண்டவற்றை, குறிப்பாக ஒரு நவம்பர் நாளில் கண்டதை, எழுதுகிறேன்.

ஆங்கில நாட்டுப்புறம் என்றவுடன் நம் மனத்தில் எழுவது, பச்சைக் கட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் நிலமும் அவற்றின் நடுவே அடர்ந்து நிற்கும் உயிர்வேலிகளும்தாம். அந்தக் காட்சியில் பெரும்பகுதி தானாக அமைந்ததன்று. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் நிறைவேற்றிய 5,200-க்கும் மேற்பட்ட நில அடைப்புச் சட்டங்கள், ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கரை, அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை, மாற்றியமைத்தன. அதுவரை ஊரார் கலந்து உழுத திறந்த வயல்களும், ஒரே ஒரு பசுவை வைத்திருந்த ஏழையும் ஓட்டிச் சென்று மேய்த்த பொது நிலங்களும், அச்சட்டங்களால் தனித்தனி உடைமைகளாகி வேலிக்குள் அடங்கின. லாக்ஸ்டன் மட்டும், அதன் நிலம் முழுவதும் இல்லாவிட்டாலும் அதன் நடுப்பகுதியளவில், இந்த மாற்றத்திலிருந்து தப்பியது. பழைய முறைப்படி ஊர்கூடி நடத்தும் திறந்த வயல் உழவு இங்கிலாந்தில் இன்றுவரை இடையறாமல் நிலைத்திருக்கும் ஊர் இது.

ஊரைக் கடந்து மில் ஃபீல்டு என்னும் வயலுக்குள் செல்லும் புல்வழியில் நடந்தபோது, முதலில் கண்ணில் பட்டது ஒன்றும் இல்லாமைதான். வேலி இல்லை, கம்பி இல்லை, நம் ஊர் வரப்பைப்போல் மண் அணைத்த கரையும் இல்லை. கோதுமைத் தாள்கள் ஒரு நிறத்தில் நின்ற இடத்தை ஒட்டியே சற்று வேறு நிறத்தில் இன்னொரு பயிர் நீளமாக ஓடியது. அந்த நிறமாற்றம் ஒன்றே ஒருவருடைய நிலம் முடிந்து மற்றவருடைய நிலம் தொடங்கும் இடத்தைக் காட்டியது. தலைக்குமேல் வானம்பாடி ஒன்று நெடுநேரம் பாடிக்கொண்டே இருந்தது. காற்று எதிலும் தடைபடாமல் வந்து முகத்தில் மோதியது. அத்தனை அகன்ற வானத்தை அந்த மாவட்டத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஊரின் அமைப்பும் இந்த வயல்களால் வந்ததே. இங்கிலாந்தின் பல பகுதிகளில் பண்ணை வீடுகள் நிலத்தின் நடுவே தனித்து நிற்கும். லாக்ஸ்டனிலோ செங்கல் சுவரும் சிவப்பு ஓடும் கொண்ட பண்ணை வீடுகள் தெருவின் இருபுறமும் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் பல, பக்கச் சுவரைத் தெருவுக்குக் காட்டி, தொழுவத்தையும் களஞ்சியத்தையும் பின்னால் நீளவிட்டிருக்கின்றன. ஒருவருக்கு மேற்கு வயலில் ஒரு துண்டு, தெற்கு வயலில் இரண்டு, மில் ஃபீல்டில் ஒன்று என்று நிலம் சிதறிக் கிடக்கும்போது, எல்லாத் துண்டுகளுக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் இருப்பது ஊர் நடுவேயாகும். மூன்று பெரிய வயல்களும் முறை மாற்றிப் பயிராகின்றன: ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், ஒன்று தரிசு அல்லது தீவனப்புல். எந்த ஆண்டில் எந்த வயல் என்பதைத் தனியொருவர் தீர்மானிக்க இயலாது.

இந்த ஊரின் துண்டுகள் ஒவ்வொன்றையும் 1635-இல் மார்க் பியர்ஸ் என்னும் நில அளவையாளர் படமாக வரைந்தார். அந்தப் படம் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. உழுபவரையும் அறுப்பவரையும்கூட அதில் சிறு உருவங்களாகத் தீட்டியிருக்கிறார். வரையச் சொன்னவர், அப்போது இவ்வூரின் உடைமையாளராக இருந்த சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகர். அதே 1635-இல்தான் அவருடைய கூட்டமைப்பு, கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவுடன் வணிகம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரிடம் உரிமை பெற்றது. பின்னர் அக்கூட்டமைப்பு நம் மேற்குக் கரையில் கார்வாரில் பண்டகசாலை அமைத்தது. ஒரு சிற்றூரின் வரப்பற்ற நிலத்தைத் துண்டு துண்டாக அளக்கச் சொன்னவரின் கப்பல்கள் அரபிக்கடல்வரை வந்தன என்பதைப் படித்தபோது, அந்த ஊர் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

இனி அந்த நவம்பர் நாள். ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில், புதிதாகக் கோதுமை விதைத்த வயலை ஊரின் நடுவர் குழுவினர் நடந்து பார்வையிடுவார்கள். அதற்கு ஜூரி நாள் என்று பெயர். குழுவினர் அனைவரும் அவ்வூர் உழவர்களும் குடிமக்களுமே. முன்னதாக ஒருவரிடம் அனுமதி கேட்டிருந்தேன். "சேற்றுக்கு ஏற்ற காலணியோடு வாருங்கள்" என்பதே அவருடைய விடை. அது வெறும் உபசாரச் சொல்லன்று என்பதை வயலில் இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் அறிந்தேன். அங்கே மண் செந்நிறக் களிமண். மழைக்குப் பிறகு அது காலணியை விடாமல் பற்றி, ஒவ்வோர் அடிக்கும் எடை கூட்டிக்கொண்டே போனது. அந்த மண்ணை எருதுகளைக் கொண்டு உழுதவர்கள் ஏன் கூட்டாக உழுதார்கள் என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

முளைத்து ஒரு விரல் நீளம்கூட வளராத கோதுமை பசுமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் துண்டின் ஒரு முனையில் நின்றுகொள்ள, மற்றொருவர் மறு முனைக்கு நடந்தார். இருவரும் பழைய அடையாளங்களிலிருந்து நேர்கோடு பிடித்துப் பார்த்தார்கள். விதைத்தவர் பக்கத்துத் துண்டுக்குள் ஒரு சால் நகர்ந்திருக்கிறாரா, பொதுவழியைச் சற்றே உழுது தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டிருக்கிறாரா, வடிகால் பள்ளத்தைத் தூர்வாராமல் விட்டிருக்கிறாரா என்பவையே அவர்களின் கேள்விகள். கோடு சரியென்று அனைவரும் ஒப்பியதும் ஒருவர் முளைக்குச்சியை ஊன்ற, வேறொருவர் கொட்டாப்புளியால் அடித்து இறக்கினார். ஓரிடத்தில் பேச்சு நீண்டது. பொதுவழியின் புல்லோரம் இரண்டு சால் அகலத்துக்குக் கலப்பையில் புரண்டிருந்தது. குரல் உயர்த்தியவர் எவருமில்லை. குழுவின் தலைவர் தம் தாளில் எழுதிக்கொண்டார், அவ்வளவே. அது எவருடைய துண்டு என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த வட்டத்தில் நின்றவர்களுள் ஒருவர் மட்டும், பேச்சு முடியும்வரை தம் காலணியில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே இருந்தார். மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும் பருவம் அது. கடைசிக் குச்சி இறங்கும்போது தேவாலயக் கோபுரம் கருநிழலாக மட்டுமே தெரிந்தது.

இந்த வாழ்க்கை முறையை ஓர் உடைமையாளரின் மனம் மாறினாலே இழந்துவிட முடியும் என்ற அச்சம் ஊரில் நெடுநாளாக உண்டு. மான்வர்ஸ் பிரபுவின் குடும்பத்திடமிருந்து 1952-இல் வேளாண் அமைச்சகம் இவ்வூர் நிலங்களை வாங்கியது. 1981-இல் அவை அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டிடம் சென்றன. 2020-இல் மான்வர்ஸ் வழிவந்தோரின் தோர்ஸ்பி எஸ்டேட்டிடமே திரும்பின. எனினும் உடைமையாளர் வாக்களித்தால் மட்டும் இது நிலைக்காது. இத்தனை தொல்லைக்கு உடன்பட்டு உழுவதற்குக் குடும்பங்கள் வேண்டும். என் கவலை அதைப் பற்றியதே.

மற்றோர் உறுப்பினர் பகிர்ந்தது

உங்கள் பதிவைப் படித்ததும் என் அப்பாவின் நினைவு வந்தது. அவர் திருவாரூர்ப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் எங்களிடம் வந்து தங்கியிருந்தபோது, ஒரு ஜூலை மாதத்தில் லாக்ஸ்டனுக்கு அழைத்துச் சென்றேன். கோட்டை இருந்த மண்மேட்டில் ஏறி நின்று வயல்களைப் பார்த்தவர், "எல்லைக் கல் எங்கே அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். முளைக்குச்சி நடுகிறார்கள் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "நம் பக்கத்தில் கல் நட்டு, புலப்படம் வைத்து, சர்வேயர் வந்து சங்கிலி பிடித்த பிறகும் தகராறு தீராது. இவர்கள் ஆண்டுதோறும் சேர்ந்து நடக்கிறார்களே" என்றார் பிறகு.

உழமுடியாத ஈரப்பள்ளங்களையும் சரிவுகளையும் அங்கே சைக்ஸ் என்கிறார்கள். கலப்பை படாததாலேயே காட்டுப்பூக்கள் அங்கே தழைத்து நிற்கின்றன. அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமாக அரசும் அவற்றைப் பாதுகாக்கிறது. நாங்கள் சென்றபோது ஒரு பள்ளம் முழுவதும் மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்திருந்தது. அப்பா அதன் ஓரமாக நடந்தாரே தவிர, உள்ளே கால் வைக்கவில்லை. யாருடையது என்று கேட்டார். உழவர்களுக்குப் பொதுவானது, புல்லை மட்டும் ஏலம் விடுவார்கள் என்றேன். "அப்படியானால் புறம்போக்கு" என்று சொல்லி, ஒரு மேய்ச்சல் புறம்போக்கு தம் பணிக்காலத்தில் தம் கண்ணெதிரே எப்படித் துண்டு துண்டாகக் கரைந்தது என்பதைத் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஊரார் எழுதி வைத்துக்கொள்வது எந்தப் பதிவேட்டில், தவறியவரை யார் தண்டிப்பது என்றும் அவர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அவருக்கு எழுதி அனுப்புகிறேன்.

முதலில் எழுதியவரின் மறுமொழி

உங்கள் அப்பாவின் கேள்விக்கு என்னால் இயன்ற விடை இது. ஜூரி நாளுக்கு ஒரு வாரம் கழித்து, ஊர் நடுவேயுள்ள டவ்கோட் இன் என்னும் பப்பில் கோர்ட் லீட் கூடுகிறது. அது இடைக்காலத்திலிருந்து வரும் ஊர் நீதிமன்றம். இத்தகைய நீதிமன்றங்கள் ஒரு காலத்தில் நாடெங்கும் இருந்தன. 1977-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் அவற்றின் அதிகாரத்தை முடித்துவைத்தபோது, லாக்ஸ்டன் நீதிமன்றத்திற்கு விலக்கு அளித்தது. ஆகவே அங்கே விதிக்கும் அபராதம் விளையாட்டுக்கன்று, சட்டப்படியானது. ஸ்டூவர்ட் எனப்படும் அலுவலர் தலைமை தாங்க, நடுவர்கள் தாங்கள் வயலில் கண்டவற்றை அவர்முன் வைப்பார்கள். அடுத்த ஆண்டுக்கான நடுவர்கள் உறுதிமொழி ஏற்பதும் அன்றுதான். ஊர்க் கால்நடைகள் பயிரில் இறங்கினால் பிடித்து அடைப்பதற்கு நம் ஊர் மாட்டுப் பவுண்டைப் போலவே ஒரு பட்டியும், அதற்கென ஒரு பொறுப்பாளரும் அங்கே உண்டு என்பதையும் அப்பாவுக்கு எழுதுங்கள், அவர் மகிழ்வார்.

தவறியவர் செலுத்துவது சில பவுண்டுகள்தாம். ஆனால் அதைத் தன்னோடு வயலில் நின்ற அண்டை வீட்டாரின் முன்னிலையில் செலுத்த வேண்டியிருக்கிறது. அவர்களோடுதான் அடுத்த ஆண்டும் அதே வயலில் விதைக்க வேண்டியிருக்கிறது. மறு வசந்தத்தில் நான் அந்தப் பொதுவழியில் மீண்டும் நடந்தேன். புரண்டிருந்த புல்லோரத்தில் எவரோ மண்ணைச் சமன் செய்து புல்விதை தூவியிருந்தார்கள். குச்சி நேராக நின்றது.