கணக்கைச் சந்தேகப்படவில்லை, மனுசனைச் சந்தேகப்பட்டார்கள்

நல்லவருக்கு நல்லதே நடக்கும் என்கிறார்களே, எங்கள் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கொடுமுடிப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனம், வருசா வருசம் மஞ்சள்தான். கூலியை அன்றன்றைக்கே கொடுத்துவிடுவார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் தண்ணீர் முறைக்கு வராமல் போனாலும் அவருடைய தண்ணீரைத் திருப்ப மாட்டார், ஈர மஞ்சளை நடுவில் வைத்து மூட்டை பிடிக்க மாட்டார். "அவருக்கென்னங்க, மனசு சுத்தம், போட்டது விளையும்" என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நம்பினேன்.

2010 வாக்கில் ஈரோட்டில் குவிண்டால் 16,000, 17,000 என்று விற்றது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். பெரியப்பா கொஞ்சம் விற்றுவிட்டு மீதியைக் குடோனில் போட்டார், போதாதென்று குத்தகைக்கும் நிலம் பிடித்தார். "தைரியமாப் போடுங்க, உங்க குணத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவர்களில் என் அப்பாவும் ஒருவர். அந்த விலையைப் பார்த்து ஆளாளுக்கு மஞ்சளே நட்டார்கள், வரத்து குவிந்தது, 2012இல் 4,000 பக்கம் வந்து நின்றது. வெட்டி வேவிக்கிற கூலிக்கே கட்டவில்லை.

நட்டத்தை விட எனக்கு இன்னும் ஆறாதது அப்புறம் ஊர் பேசின பேச்சு. அதே வாய்கள்! "வெளியே தெரியாம என்ன பண்ணினாரோ", "பங்காளி வயித்தெரிச்சலா இருக்குமாட்ட இருக்குது" என்று. நல்லவர் நன்றாகத்தான் இருப்பார் என்று போட்ட கணக்கு தப்பினதும் கணக்கை யாரும் சந்தேகப்படவில்லை, மனுசனைச் சந்தேகப்பட்டார்கள். "அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்" என்று 169ஆவது குறள் இருக்கிறதே, பொறாமைக்காரன் வாழ்வதும் நல்லவன் கெடுவதும் ஏன் என்று யோசிக்கப்படும் என்கிறது, அதற்கு உரை எழுதின பரிமேலழகர் பழவினையைக் காட்டுகிறார். எனக்கு அது ஒட்டவே இல்லை. காரணம் ஈரோட்டு மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது, அதைப் பார்க்க யாருக்கும் மனசில்லை.

கோயில் பூசையில் முன்னால் நிற்கிறவர் அந்த வருசம் பின்னால் போய் நின்றார். "நான் யாருக்குக் கெடுதல் பண்ணினேன் கண்ணு?" என்று என்னிடம் கேட்டார். தேடித் தேடிப் பார்த்திருக்கிறார் போல. நான் மஞ்சள் விலையைப் பற்றிப் பேசினேன், அவர் காதில் அது ஏறவே இல்லை.

*

மேலே மஞ்சள் கதை எழுதின தம்பிக்கு: எனக்கு நடந்தது இதற்குத் தலைகீழ். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்க வந்த பையன் ஒருத்தன் செக்கிங் மேசையிலிருந்து இரண்டு பீஸ் திருடிப் பிடிபட்டான். ஒரே ஒரு தடவை. அதோடு அவன் "கைநீளம்". ஓவர்லாக் மிசினில் தைக்கக் கற்றுக்கொடுங்கண்ணா என்று எத்தனையோ நாள் கேட்டான், இவனெல்லாம் நிலைக்க மாட்டான், நல்ல மிசினை எதற்குக் கொடுப்பது என்று நான் தட்டிக்கழித்தேன். ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கினதோடு நின்றுவிட்டான். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று எல்லோரிடமும் சொன்னதும் நான்தான்.

நாலு வருசம் கழித்து அவிநாசி பஸ்ஸில் பார்த்தேன், மோட்டார் மிசினில் தைக்கிற பவர் டேபிள் டெய்லராக இருக்கிறானாம். "எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றேன். மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டைச் சொன்னான். "அங்க யாருக்கும் என்னைத் தெரியாதுங்கண்ணா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தான், நான் உட்காராமலே நின்றுகொண்டு வந்தேன்.