மலைப் பஸ், வெறும் வயிறு, லோ சுகர்

குன்னூர் பல் மருத்துவர்:
மஞ்சூர் பக்கமிருந்து வருகிறவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. மரியாதைக்கு "ஆச்சுங்க டாக்டர்" என்பார்கள். எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கணும். வளைவில் வாந்தி வரும் என்று பட்டினியாகவே பஸ் ஏறுவார்கள். சுகர் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருப்பார்கள்.

கடைவாய்ப்பல் எடுக்க வந்த பெரியவர் ஒருவர். மரத்துப்போக ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. நாக்கு மரத்திருக்கும் என்றார் உதவியாளர். எனக்கு உறுத்தியது வியர்வைதான். ஜனவரிக் குளிரில் நெற்றியெல்லாம் சொட்டச் சொட்ட! ஊசி பயத்தில் வரும் மயக்கம் என்றால் நாடி மெதுவாக இருக்கும், படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சீக்கிரம் தெளியும். இவருக்கு நாடி ஓடியது, தெளியவுமில்லை. குளுக்கோமீட்டரில் 52. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை குறைவு.

நல்லவேளை, விழுங்க முடிந்தது. வாயிலிருந்த பஞ்சை எடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, அரை டம்ளர் தண்ணீரில் 3 டீஸ்பூன் சர்க்கரை. மரத்த உதட்டில் பாதி வழிந்தது. 15 நிமிடத்தில் 66. இன்னொரு டம்ளர். அப்புறம் 94. பாலில் நனைத்த பன் கொடுத்தோம். பல்லை வேறொரு நாள் பார்த்துக்கொண்டோம்.

ஊட்டி, கிளினிக் உதவியாளர்:
எங்க ரிசப்ஷன்ல ஹோம்மேட் சாக்லேட் டப்பா இருக்கும். ஒரு அம்மாவுக்குக் கை நடுங்கவும் அதைத்தான் நீட்டினாங்க. டாக்டர் தடுத்துட்டார். கொழுப்பு இருக்கிறதால சர்க்கரை மெதுவாத்தான் ரத்தத்துல ஏறுமாம். ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் அப்படித்தான். இப்போ நாற்காலி பக்கத்து டிராயர்ல குளுக்கோஸ் பவுடர். டீ மேசையில இருந்த சுகர்-ஃப்ரீ பொட்டலத்தை அப்புறப்படுத்திட்டோம். அவசரத்துல யாராவது அதைக் கரைச்சுக் கொடுத்தா என்னாகும்!

கொடைக்கானல் மருத்துவர்:
குன்னூர் டாக்டர், அந்தப் பெரியவரைத் தனியாகப் பஸ் ஏற்றவில்லையே? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். கிட்னி பழுது இருந்தால் இன்னும் ஆபத்து. பிரஷருக்கு அட்டினலால் போடுகிறவர்களிடம் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். என்னிடம் மன்னவனூர்க்காரர் ஒருவர் நினைவிழந்தே வந்தார். அந்த நிலையில் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். நரம்பு வழியாக 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஏற்றி, 108-ல் அனுப்பினோம். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள்.

குன்னூர் பல் மருத்துவர்:
மருமகளோடுதான் போனார் டாக்டர். மாத்திரை கொடுத்த மருத்துவருக்கும் போனில் சொல்லிவிட்டேன். சுகர் உள்ளவர்களுக்கு இப்போது பஸ் வரும் நேரத்தைக் கேட்டே அப்பாயின்ட்மென்ட். இறங்கிச் சாப்பிட முக்கால் மணி விட்டுத்தான் நேரம் தருகிறேன்.